ஐந்தாவது தொட்டி

"ஹலோ… மாமா, கேக்குதுங்களா?… மிஷின் சத்தத்த வுட்டு வெளிய வாங்க… ஆங், இப்ப கேக்குது."

காரிமங்கலத்து வீட்டில் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தாள் மலர்விழி. கணவன் அர்ச்சுனன் மாங்கூழ் ஆலையில் இருந்தான். இருவருக்கும் ஒரே கம்பெனி. பம்ப் எப்படி இயங்க வேண்டும் என்று இருவரும் படமாக வரைவார்கள். படத்திலிருந்து நிரலைக் கணினியே எழுதிக்கொள்ளும். ஒரே படம் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறதா என்று ‘டூல்’ என்கிற மென்பொருளை வைத்துப் பார்ப்பது அவள் பொறுப்பு.

"நாலு கூழுத் தொட்டிக்கும் மூணு நாளா ஒக்காந்து புதுசா படம் போட்டேன்னீங்களே… ஆமா… ஆமாமா… நாலும் ஒண்ணேதான் மாமா. அதுவும் போன வருசம் நான் போட்டது… பேரெல்லாம் மாத்தியிருக்கீங்க, ஒத்துக்கறேன். படத்துல பெட்டிக்குக் கலர்கூட நல்லாத்தான் இருக்குது… ஆனா டூலு அதையெல்லாம் பாக்கறதில்லீங்க. எந்தப் பெட்டியிலருந்து எந்தப் பெட்டிக்குக் கோடு போகுதுன்னுதான் பாக்குது… தொண்ணூத்தாறு சதவீதம் ஒத்துப்போகுது… மீதி நாலா? அது நீங்க தப்பா இழுத்த கோடு."

"கோவமெல்லாம் இல்லீங்க, பெருமைதான்… என் படத்த எப்ப எடுத்தீங்க?… தையிலயா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாமா, மாசியிலதான் அதுல ஒரு தப்பத் திருத்துனேன். மட்டம் பாக்கற சென்சார் ஒயர் லூசானா, தொட்டி காலின்னு நெனச்சு பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும்… ஆமா, வழியும்… கூழு மாமா, கொதிக்கக் கொதிக்க!… சுவிட்சுகிட்ட யாரு?… பம்ப் போடற கருப்பண்ணன் அண்ணனா? கைய எடுக்கச் சொல்லுங்க. இப்பவே… எடுத்துட்டாரா?… சரி… சரி, மூச்சு வுடுங்க."

"அரை மணியில நாலையும் திருத்தி அனுப்பறேன்… இருங்க. டூலு அஞ்சுன்னு காட்டுது… பழம் கழுவுற தண்ணித் தொட்டி. அதுவும் அந்தப் பழைய படம்தான். இதையும் நீங்கதான் ஒட்டுனீங்களா?… பின்ன யாரு?… இருங்க, பேரு இருக்கும், பாக்கறேன்…"

திரையில் இருந்தது அவள் பெயர்.

"…நான்தான் ஒட்டியிருக்கேன்… சிரிங்க… நல்லாச் சிரிங்க, நியாயம்தான்… ஏன் நிறுத்திட்டீங்க?… அண்ணன் என்ன சொல்றாரு?… வாரத்துக்கு ரெண்டு தடவ வழியுதா?… அவரு பம்ப நிறுத்த மறந்துட்டாருன்னா?… ஆலை மானேஜர் அப்படி எழுதியே குடுத்துட்டாரா?… இன்னொரு தடவ வழிஞ்சா வேலைக்கே வர வேண்டாம்னா?"

அவள் மடிக்கணினியைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

"அண்ணன்கிட்ட போனக் குடுங்க… இல்ல, நீங்க சொல்ல வேண்டாம், குடுங்க… அண்ணா, வணக்கங்க, மலர்விழி பேசறேன். தொட்டி வழிஞ்சது உங்களால இல்லீங்க… ஆமாங்க, என்னாலதான்… மானேஜர் பக்கத்துலயா இருக்காரு? ஸ்பீக்கர்ல போடுங்கண்ணா… சார், அந்தத் தண்ணித் தொட்டிக்குப் படம் போட்டது நான். தப்பு படத்துலதான்… கையெழுத்துப் போட்டே தர்றேங்க… இல்லீங்க சார், அவரு பேர அந்தக் காகிதத்துலருந்து எடுத்துடுங்க, அது போதும்… சரிங்க… வெச்சிடறேங்க சார், அஞ்சு படம் திருத்தணும்."