மில் மூடியிருந்த மூணு மாசம்

கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு அப்பா என்கிட்ட வந்தாரு. "ஐயா, என் பொண்ணு இந்தக் காலேஜ்லதான் பி.ஏ. வரலாறு முடிக்கிறா. நிதித் துறையில வேலைக்குப் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இது ஆகுற காரியமா?"ன்னு கேட்டாரு. அதுக்குப் பதில் இங்க சொல்றேன்... நடந்த ஒண்ணைச் சொல்றேன். சின்னதுதான். கொஞ்ச நேரம் காதைக் குடுங்க.

முத்தரசின்னு ஒரு பொண்ணு. விளாத்திகுளம் பக்கம். அப்பா மினி பஸ் ஓட்டுறவரு. பொண்ணு எம்.ஏ. வரலாறு, முதல் வகுப்பு. கோயம்புத்தூர்ல ஒரு ஆபீஸ்ல வேலை கேட்டுப் போனா. என்ன ஆபீஸ்? கம்பெனிகள் பேங்க்ல கடன் கேக்குமில்ல... 'இவங்க திருப்பிக் கட்டுவாங்களா, மாட்டாங்களா'ன்னு அலசிப் பாத்து மார்க் போடுற ஆபீஸ்.

அங்க மேனேஜர் சடகோபன். எம்.காம். இருபது வருஷ அனுபவம். விண்ணப்பத்தைப் பாத்தாரு.

"ஏம்மா, வரலாறு படிச்சிட்டு இங்க வந்து என்ன பண்ணப் போறீங்க?"

"கத்துக்குவேன் சார்."

"கத்துக்குடுக்க இது காலேஜ் இல்லம்மா."

வேலை கிடைச்சுதா? கிடைச்சுது... ஆனா அவ கேட்ட வேலை இல்ல. மத்தவங்க எழுதுற அறிக்கையில எழுத்துப்பிழை திருத்துற வேலை. வாங்குற சம்பளம் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போகும். வீட்டுல கேட்டா, "நல்லா இருக்கேம்ப்பா, பெரிய ஆபீஸ்"ம்பா. வேற என்ன சொல்லுவா, சொல்லுங்க?

எட்டு மாசம் போச்சு. ஒருநாள் பல்லடம் பக்கத்து நூல் மில் ஒண்ணோட அறிக்கை அவ மேஜைக்கு வந்துச்சு. கணக்கெல்லாம் கச்சிதம். நல்ல மார்க்கு. மறுநாள் பேங்க்குக்குப் போயாகணும். அதுல ஒரு வரி... 'ஆண்டு முழுவதும் மூன்று ஷிப்டும் தடையின்றி ஓடின.' பிழை ஏதும் இல்ல. தள்ளிவிட்டுட்டுப் போயிருக்கலாம். ஆனா அவ அந்த வரியிலயே நின்னுட்டா.

ஏன் நின்னா?

வரலாறு படிக்கிறவங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக்குடுப்பாங்க. ஒரு ராஜா தன் வெற்றியைத் தானே கல்லுல வெட்டி வச்சிருந்தா, அதை அப்படியே எடுத்துக்காதே. எதிராளி ஊருக் கல்லுல என்ன இருக்குன்னும் போய்ப் பாரு! இந்த வரியை எழுதுனது யாரு? மில்லு. யாரு படிக்கிறதுக்காக? கடன் குடுக்கிறவங்க படிக்கிறதுக்காக. அப்போ... இன்னொரு சாட்சி வேணுமே?

அரை நாள் லீவு போட்டா. நூலகத்துக்குப் போயி அந்த வருஷத்துப் பழைய பேப்பர்களைப் புரட்டுனா. உள்ளூர்ப் பக்கத்துல, மூலையில, நாலே வரிச் செய்தி. சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளிகள் மில் வாசல்ல உக்காந்திருக்காங்க. அடுத்த மாசமும் உக்காந்திருக்காங்க. அதுக்கும் அடுத்த மாசக் கடைசியில, 'பேச்சுவார்த்தை முடிந்து மில் திறப்பு'. மூணு மாசம்... மில்லு மூடிக் கெடந்திருக்கு!

நகலெடுத்துக்கிட்டு நேரா சடகோபன்கிட்ட போனா.

"முத்தரசி, உங்களைப் பிழை திருத்தத்தானே சொன்னேன்?"

"இதுவும் பிழைதான் சார்."

வேலை போனா திரும்ப விளாத்திகுளம்தான். அவரு படிச்சாரு... மறுபடியும் படிச்சாரு. "உக்காருங்க"ன்னாரு. எட்டு மாசத்துல முதல் தடவை.

"பேப்பர்ல வந்ததை மட்டும் வச்சு ஒரு கம்பெனியைத் தப்புன்னு சொல்ல முடியாதும்மா. எப்படி நிரூபிப்பீங்க?"

"தெரியல சார்."

தெரியாததைத் தெரியலன்னு சொன்னா பாருங்க! சடகோபனே வழி சொன்னாரு. "மெஷின் ஓடணும்னா கரண்ட் வேணுமில்ல? அறிக்கையை நிறுத்தி வச்சிட்டு அந்த மூணு மாச கரண்ட் பில்லைக் கேப்போம்."

மில்லுக்காரங்க நாலு நாள் இழுத்தடிச்சாங்க. அஞ்சாம் நாள் பில்லு வந்துச்சு. ஆபீஸ் ரூம்ல லைட்டு எரிஞ்ச கரண்ட்தான் இருந்துச்சு. நூல் நூத்த கரண்ட் இல்ல. நூக்காத நூலை வித்ததா எழுதி வச்சிருந்தாங்க! அந்த நல்ல மார்க்கு பேங்க்குக்குப் போகல. மில்லுக்குக் கடனும் போகல.

மறுவாரம் சடகோபன் கூப்பிட்டாரு. "என் டீமுக்கு வாங்க. ஆனா கணக்குப்பதிவியல் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணணும். ஒரு வருஷம் டைம்."

கதை இங்கயே முடிஞ்சிருந்தா கைதட்டிட்டுப் போயிருக்கலாம்... முடியலையே! பரீட்சை எழுதுனா. முப்பத்தொரு மார்க்கு. ஃபெயில். கூட இருந்த தோழிகிட்ட, "எது பற்று, எது வரவுன்னே எனக்குப் பிடிபட மாட்டேங்குதுடி"ன்னு அழுதா. அழுதுட்டு, அடுத்த நாள் காலைல நாலரைக்கு எந்திரிச்சு முதல் பாடத்துல இருந்து ஆரம்பிச்சா. ஆறு மாசம். பாஸ்! இன்னிக்கு அதே ஆபீஸ்ல பத்துப் பேர் அவளுக்குக் கீழ வேலை பாக்குறாங்க.

ஐயா... அந்த அப்பா எங்க இருக்கீங்க? ஆங்... ஆகுற காரியம்தாங்க. ஆனா சுலபம்னு நான் இந்த மைக்ல சொன்னா, அது பொய். 'இன்னொரு சாட்சி வேணுமே'ங்கிற கேள்வி யாருக்கு வந்துச்சு? வரலாறு படிச்ச முத்தரசிக்கு. அதுக்கு விடை எங்க கிடைக்கும்னு யாருக்குத் தெரிஞ்சுது? கணக்குப் படிச்ச சடகோபனுக்கு. ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தர் இருந்திருந்தா அந்தப் பொய் பேங்க்குக்குப் போய்ச் சேந்திருக்கும். அவரு படிச்சதையும் சேத்து இவ படிச்சா... அப்பதான் அவளுக்கு அந்த நாற்காலி கிடைச்சுது.

அதனால உங்க பொண்ணு வரலாற்றுப் புத்தகத்தை எடைக்குப் போட வேண்டாம். அதுக்குப் பக்கத்துல ஒரு கணக்குப் புத்தகத்தை வாங்கி வைக்கட்டும். கஷ்டப்படுவா. ஒருநாள் தோத்துட்டு வந்து உங்க முன்னால நிப்பா. அன்னிக்கு... "இதைத்தானே நான் அப்பவே சொன்னேன்"னு மட்டும் சொல்லிடாதீங்க ஐயா.