சொடக்குச் சத்தம்

"உங்க வீட்ல பள்ளிக்கூடம் போன மொத ஆளே நீதான். நீயா கவிதை சொல்லிக்கொடுக்கப் போற?" மேடையில் உரக்கச் சொல்லும் ஸ்லாம் கவிதைக்கு வகுப்பு தொடங்கியபோது ஒருவர் என்னிடம் கேட்டார்.

இன்று திருவனந்தபுரத்தில் என் மாணவி செல்வி, தேயிலைக் கொழுந்து பறிக்கும் தன் அம்மாவைப் பற்றி மேடையில் கவிதை சொன்னாள். பிடித்த வரிக்குச் சொடக்குப் போடுவது ஸ்லாம் வழக்கம். அரங்கமே சொடக்குப் போட்டபோது, பார்வையாளர்களோடு இருந்த செல்வியின் அம்மா விருட்டென்று எழுந்துவிட்டார். கோபத்தில் மகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன்.

திரும்பும் பொன்முடி பஸ்ஸில் அவர் எனக்கு முன் இருக்கையில் இருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. செல்வி பின்னால் தோழிகளோடு இருந்தாள்.

"ஏன்க்கா நடுவுல எந்திரிச்சீங்க?" என்றாள் எஸ்டேட் குடியிருப்பில் பக்கத்து லயத்துப் பெண், மலையாளம் கலந்த தமிழில்.

"எஸ்டேட்ல சூப்பர்வைசர் சொடக்குப் போட்டுத்தானே கூப்பிடுவாரு. அந்தப் பழக்கத்துல எந்திரிச்சிட்டேன் கேட்டோ."

"ஐயோ. செல்விக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் மரியாதைக்கு நிக்கிறேன்னு நெனச்சு எல்லாரும் நின்னுட்டாங்களே. நீயும் சொல்லிராத."

"இனியும் அவள அனுப்புவீங்க, அல்லே?"

"பின்னே? அடுத்த தடவ நானும் சொடக்குப் போடுவேன். யாரு எந்திரிக்கிறான்னு பாப்போம்."

பஸ் கல்லாறு தாண்டுவதற்குள், அடுத்த நிகழ்ச்சியை லயத்து முற்றத்தில் நடத்த அனுமதி கேட்டு எஸ்டேட் ஆபீசுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசருக்கு முன்வரிசையில் இடம் என்றும் எழுதியிருக்கிறேன்.