அடையில் இருந்த உள்ளான்

எனக்குக் காலாட்டும் பழக்கம் உண்டு. இந்த மேசை ஆடுவது அதனால்தான். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பிடும்போதும் ஆட்டுவேன், பேருந்திலும் ஆட்டுவேன். கேமராவுக்குப் பின்னால் படுத்தால் மட்டும் நின்றுவிடும். உனக்கு ஒரு கொக்கைக் கட்டிவைத்திருந்தால் வீடு தங்கியிருப்பாய் என்று அக்கா கேலி செய்வாள்.

பிழைப்புக்கு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறேன். தாடையை இறக்குங்கள், கண்ணைக் கொட்டாதீர்கள். பதினாறு வருடமாக இதுதான். விடுமுறை கிடைத்தால் உப்புச் சதுப்புக்குப் போய்விடுவேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் அதற்குள் வந்து போகும். நீர் வடிந்ததும் சேற்றைக் குத்தி இரை தேடப் பறவைகள் இறங்கும். என்னோடு அத்தான் வருவார், அக்காவின் கணவர். பள்ளியில் உயிரியல் ஆசிரியர். நான் படம் எடுப்பேன், அவர் பறவைகளை எண்ணுவார். ஒன்று தப்பினாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிற மனிதர். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் என் படம் ஒன்றுக்குப் பரிசு கிடைத்தது. நெடுங்கால் உள்ளான் ஒன்று, சிவந்த குச்சிக் கால்களில் நின்றபடி, குஞ்சின்மேல் சிறகை விரித்து வெயிலை மறைக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒரு காட்டுயிர் இதழில் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த மாதம் சேர வேண்டும்.

பள்ளிச் சுவரில் மாட்டுவதற்காக அத்தான் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டார். அன்று மாலையே என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

“நூல் தெரியுது மச்சான்,” என்றார்.

குஞ்சின் காலில் நூலைக் கட்டி, மறுமுனையை மண்ணுக்குள் ஓர் ஆணியில் முடிந்திருந்தேன். குஞ்சு ஓடாவிட்டால் தாயும் ஓடாது. அரை மணி நேர வேலை. அவிழ்த்துவிடத்தான் நினைத்தேன். வெளிச்சம் மிக நன்றாக இருந்தது, அதற்குள் நீர் ஏறிவிட்டது. இதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

“நீயே அந்தப் பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிடு. நான் சொன்னா உங்கக்கா எனக்குச் சோறு போட மாட்டா,” என்றார். ஒரு வாரம் பொறுப்பதாகவும் சொன்னார். நல்ல மனிதர்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டூடியோவில் கண் மூடியிருக்கும் படத்தையே அச்சிட்டுக் கொடுத்தேன். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்தேன், படுத்தால் எழுந்தேன், வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் தனியாகச் சதுப்புக்குப் போனேன். கெட்டியான தரை எது என்று தெரிவதற்காக வழிநெடுகக் குச்சி நட்டுத் துணி கட்டியிருந்தோம். அதில் மூன்றைப் பிடுங்கிச் சற்றுத் தள்ளி நட்டேன். பழைய வழியை ஒட்டிய மேட்டில் ஓர் உள்ளான் கூடு வைத்திருந்தது. மிதிபட்டுவிடக் கூடாதே என்றுதான். புதிய இடத்தில் சேறு எவ்வளவு ஆழம் என்று மூங்கில் கழியை விட்டுப் பார்த்தேன். கழி முழுதும் உள்ளே போனது.

மறுநாள் காலை கிளம்பும்போது, மதியம் சாப்பிட வந்துவிடுவீர்களா என்று அக்கா கேட்டாள். வந்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன்.

மேட்டில், கூட்டுக்கு எதிரே, மறைப்புத் துணிக்குள் நான் படுத்துக்கொண்டேன். அத்தான் நோட்டுப் புத்தகத்தோடு குச்சிகளைப் பார்த்தபடியே நடந்தார். மூன்றாவது குச்சியருகே இடுப்புவரை இறங்கினார். பயப்படவில்லை, சிரித்தார்.

“மச்சான், கால் வரல. கயிறு எடுத்துட்டு வா.”

“அசையாதீங்க அத்தான். அசைஞ்சா இன்னும் உள்ள போவீங்க,” என்றேன். அது சரியான யோசனைதான். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவர் நான் சொன்னபடி நின்றார். அசையாத மனிதன் பறவைகளுக்கு ஒரு மரக்கட்டை. கால் மணி நேரத்தில் உள்ளான்கள் அவரைச் சுற்றி மேயத் தொடங்கின. அவர் உதடு அசைந்தது. பழக்கதோஷம், எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு நீர் வந்தது. மார்பளவு ஏறியபோது கூப்பிட்டார். மச்சான் என்று இல்லை. சின்ன வயதில் அக்கா என்னைக் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லி. அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு எடுத்த படங்கள் எல்லாம் உங்களிடமே இருக்கின்றன. இருநூற்றுப் பதினான்கு.

கயிறு என் பையில் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. அவரை எட்டுகிற நீளம்தான். ஆனால் நான் எழுந்தால் அடையில் இருந்த உள்ளானும் எழுந்து பறந்துவிடும். அந்த வெயிலில் முட்டைகள் பத்து நிமிடம் தாங்காது. நான்கு முட்டைகள். தெரிந்தே ஓர் உயிரைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.