நாலரை மணி அழைப்பு

உட்காருங்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் ஆடும், ஆனால் விழாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷம் நான் உட்கார்ந்த நாற்காலி. அங்கே புதிது வாங்கியபோது இதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வந்தவர்கள் உட்காரட்டுமே என்றுதான். நீங்கள்தான் முதலில் உட்காருகிறீர்கள். அவசரமில்லையே? காபி ஆகிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊரில் யார் யாரோடு பேசுவதானாலும் என் கை வழியாகத்தான். மருந்துக்கடை மாடியில் ஒரே அறை, லைன்களை இணைக்கும் ஒரு பலகை, நான். ஒரு நாளைக்கு நூறு பேர் பேசுவார்கள். எண்ணைச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

கொரீன் அப்படியில்லை. கறுப்பர் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். வாக்காளர் பட்டியலில் பேர் பதியக் கறுப்பர்களைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போகிறாள் என்று வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அதையே முழு வேலையாகச் செய்தாள். தினம் நாலரைக்கு, திரும்பும் வழியில், மில் ரோடு பெட்ரோல் பங்கில் இருக்கும் காசு போனிலிருந்து தலைநகர் ஜாக்சனில் அந்த ஓட்டுரிமை இயக்கத்து ஆபீஸுக்குப் பேசுவாள். பத்திரமாக இருக்கிறேன் என்று சொல்லத்தான். ஐந்து மணிக்குள் சொல்லாவிட்டால் அவர்கள் பத்திரிகைகளையும் வாஷிங்டனையும் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் அவளை யாரும் தொடவில்லை.

முதல் நாளே, “இருமல் பலமா இருக்கு போல மிஸ் வெல்டா. தேன்ல எலுமிச்சை பிழிஞ்சு குடிச்சுப் பாருங்க” என்றாள். குடித்தேன். மறுநாள், “எப்படி இருக்கு?” என்றாள். இந்த ஊரில் என் இருமலை விசாரித்தவள் அவள் ஒருத்திதான். நாலு மணியிலிருந்தே பலகையில் மில் ரோடு லைனின் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜாக்சனில் எடுத்ததும், ‘கொரீன் பேசறா’ என்று சொல்லி இணைப்பேன். ஜூலையில் ஒரு நாள் கேட்டாள்.

“மிஸ் வெல்டா, இனிமே திருமதி பேட்டில்னு சொல்றீங்களா?”

“இத்தனை நாளா கொரீன்தானே.”

“நான் உங்களை வெறும் வெல்டான்னு கூப்பிட்டா?”

“கூப்பிட மாட்டே.”

“மாட்டேன்ல? அதான் கேக்கறேன்.” சிரித்தபடிதான் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் வெள்ளைக்காரி எவளும் கறுப்புப் பெண்ணைத் திருமதி என்று சொன்னதில்லை. என் அம்மா, தன்னைத் தூக்கி வளர்த்த கிழவியையே பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். வெறுப்பெல்லாம் இல்லை, வழக்கம். நான் மாற்றவில்லை. அதன்பின் கொரீனும் எல்லோரையும் போல ஆகிவிட்டாள். “திருமதி பேட்டில் பேசறேன். ஜாக்சன் போடுங்க.” இரண்டு மூன்று தடவை வேண்டுமென்றே இருமிப் பார்த்தேன். அவள் விசாரிக்கவில்லை.

ஆகஸ்ட்டில் ராய்ஸ் வந்தான், என் அக்கா மகன். ஷெரீப் ஆபீஸில் இருக்கிறான். எட்டு மாசமாக எட்டிப் பார்க்காதவன், ஒரு கூடை பீச் பழத்தோடு வந்தான்.

“சித்தி, அவ தனியா இருக்கற அன்னைக்கு போன் பண்ணினா எனக்கு ஒரு மணி அடி. ஜாக்சனுக்குப் போட்டுடாதே.”

“பேசத்தானே போறீங்க?”

“வேற என்ன சித்தி. பழம் நல்லாருக்கா?”

நன்றாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து நிமிஷம் முன்னாலேயே விளக்கு எரிந்தது. “டயர் வெடிச்சுடுச்சு. பங்க் பூட்டிக் கிடக்கு, நான் ஒருத்திதான் நிக்கறேன். ஜாக்சன் போடுங்க.”

“லைன் கிடைக்கலை, இரு” என்றேன். ராய்ஸுக்கு மணி அடித்துச் சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினேன்.

“யாரு பேசறதுன்னு சொல்லட்டும்?”

“திருமதி பேட்டில்.”

“யாரு?”

இப்படியே பதினொரு நிமிஷம். என்னோடு அவ்வளவு நேரம் அவள் பேசியதே இல்லை. பிறகு, “ரெண்டு வண்டி வருது. மிஸ் வெல்டா, கொரீன்தான். வெறும் கொரீன். போடுங்க” என்றாள்.

அப்போதுகூட இணைத்திருக்கலாம். ஜாக்சன் லைன் காலியாகத்தான் இருந்தது. “சரியா கேக்கலை, இன்னொரு தடவை சொல்லு” என்றேன். சொன்னாள். முதல் தடவையே எனக்கு நன்றாகக் கேட்டிருந்தது. பிறகு ரிசீவர் சுவரில் மோதி மோதி ஆடும் சத்தம். அது நிற்கும்வரை காதில் வைத்திருந்தேன்.

ஐந்து மணிக்கு ஜாக்சனிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். அவர்கள் அன்று ராத்திரியே தேடாததற்கும், வெள்ளிக்கிழமை அவள் ஆற்றில் கிடைத்ததற்கும் நான் அவனிடம் சொன்ன பதில்தான் காரணம் என்கிறீர்கள். இருக்கலாம். சொன்னதை அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

“உங்க லைன் கிடைக்கலை தம்பி. என்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. திருமதி பேட்டில் நல்லபடியா வீடு சேர்ந்துட்டாங்க.”

திருமதி என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அவள் கேட்ட மரியாதையை நான் கொடுக்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.