திரையைப் பூட்டிவிட்டே இருக்கை விட்டெழும் சடையப்பனாருக்கு

கீரப்பாளையத்து நெல்வயல் நடுவே பிறந்து, சிதம்பரத்தில் பேருந்தேறி, கடலூர் அலுவலகத்துக்கு முப்பத்தோராண்டு வந்துபோன கண்காணிப்பாளரே! கனிந்த சொல்லும் கண்டிப்பு மனமும் ஒருங்கே கொண்ட எங்கள் அண்ணலே! வணக்கம்.

"எனக்குப் பாராட்டெல்லாம் வேணாம்பா, அந்தத் தகுதி கெடையாது" என்று தாங்கள் மறுத்தும், தங்கள் பணிநிறைவு விழாவில் படிக்க இம்மடலை எழுதினோம். பொறுத்தருள்க!

தேநீருக்குப் போனவர் கணினியைத் திறந்தபடி விட்டால், தாங்கள் சந்தடியில்லாமல் வந்து திரையைப் பூட்டுவீர்கள். கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டிவைத்த அருண்பாண்டியனிடம், "வூட்டுச் சாவிய வாசக்கதவுலயே தொங்கவுட்டுட்டுப் போவியா?" என்றீர்கள். நாங்களோ முதுகுக்குப் பின்னால் 'பூட்டு சார்' என்று சிரித்தோம். காரணம் தெரிந்த நாளில் வெட்கித் தலைகுனிந்தோம்.

ஏழாண்டுகளுக்கு முன், கணவனின் கொடுமைக்குத் தப்பி வந்த ஒரு பெண்ணின் புதிய முகவரியைக் குடும்ப அட்டைக்காகத் தாங்கள் கணினியில் பதிந்துகொண்டிருந்தீர்கள். அதிகாரி அழைத்தாரென்று திரையை அப்படியே விட்டு எழுந்தீர்கள். மனு கொடுக்க வந்தவன்போல் மேசையருகே நின்றவன் அந்தக் கணவன். திரையில் முகவரியைப் படித்தவன், மறுநாள் அவ்வீட்டுக்கே போய் அப்பெண்ணை வெட்டினான். அவர் உயிர் பிழைத்தார். வலக்கை விளங்காமல் போயிற்று. விசாரணையில் "தவறு என்னுடையது" என்று ஒரே வரி எழுதித் தந்தீர்கள். அதன்பின் தாங்கள் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை என்று மூத்தவர்கள் சொன்னார்கள்.

அப்பெண்ணின் பெயரை இச்சபையில் சொல்லமாட்டோம். அது தாங்கள் பழக்கிய ஒழுங்கு.

ஐயா! தங்களிடம் மறைத்த செய்தி ஒன்றுண்டு. தாங்கமாட்டீர்களோ என்று அஞ்சியே மறைத்தோம். சென்ற மாதம், தாங்கள் விடுப்பிலிருந்த நாளில், அப்பெண்ணே வந்தார். மறுபடியும் வீடு மாறியிருந்தார். கணினி முன் அமர்ந்திருந்த அனுப்பிரியா முகவரி கேட்கவே தயங்கினார். எந்த முகத்தோடு கேட்பது? அப்பெண் திரையையே பார்த்தார்.

"அந்த சாரு இன்னும் இருக்காரா? தெனம் எல்லா கம்ப்யூட்டரையும் அவரே பூட்றாருன்னு சொன்னாங்க. நெசம்னா எழுதிக்குங்க" என்றார்.

அனுப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிந்தார். அப்பெண் பார்த்திருக்கவே திரையைப் பூட்டினார்.

நாளை தங்கள் நாற்காலி வெறுமையாக இருக்கும். நோயின்றி நூறாண்டு வாழுங்கள்! பூட்டும் வேலையை இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நிம்மதியாகத் தூங்குங்கள், ஐயா.

கலங்கிய கண்களுடன்,
தங்கள் பிரிவுப் பணியாளர்கள்,
கடலூர்.