மூச்சை மிச்சம் பிடிக்கிற இங்கிலீஷ்

ஒரகடம் போகும் காலைப் பேருந்தில், சுங்குவார்சத்திரத்தில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் ஒரே கம்பெனி சீருடை.

"மூச்ச வீணாக்காத தேவி" என்று ஜன்னலோரத்துப் பெண் சொன்னபோதுதான் என் காது அங்கே போனது. அவளே தொடர்ந்தாள்:

"'ஐ ஹேவ் ஆல்ரெடி'னு இன்னாத்துக்கு இழுக்கற? 'ஐவ் ஆல்ரெடி'. அவ்ளோதான். இங்கிலீஷ்காரங்க அப்படித்தான் பேசறாங்க."

"ஐவ் ஆல்ரெடி ட்ரெய்ன்ட் சிக்ஸ் கேர்ள்ஸ்."

"சூப்பர். எப்பனா லேட்டா வந்துகிறியானு கேட்டா?"

"ஐவ் நெவர் கம் லேட்."

"பாரு, அந்த ஃபாரின் மேனேஜரு உன்னதான் லைன் லீடர் ஆக்கப் போறாரு."

தேவி அவளையே பார்த்தாள். "ஏய் மேரி, இன்னிக்கு உனக்கும் அதே இன்டர்வியூதான? இருக்கறதே ஒரு போஸ்ட்டு. எனக்கு ஏன்டி சொல்லித் தர?"

"லைன்ல நீ டைட் பண்ற ஸ்க்ரூவ அடுத்து ஒக்காந்துகினு நான்தான செக் பண்றேன்? லூசா இருந்தா உட்டுடுவனா?"

நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. போகட்டும்.

தேவி கை நீட்டி மேரியின் காலரைச் சரிசெய்தாள்.

"சரி, இப்ப நீ சொல்லு. நான் செக் பண்றேன்."