வஸீலாவுக்குக் காய்ச்சல்

"ஹலோ… மஸ்ஊதா அக்காவா? சலாம் அக்கா. நான் நுவாரா பேசறேன், வஸீலாவோட டீச்சர்… ஆமா ஆமா, ஸ்கூல்லருந்துதான்… இல்ல, இல்ல, ஒண்ணும் இல்லக்கா. சும்மா, நலம் விசாரிக்கலாம்னு…"

நலம் விசாரிக்கும் குரலா அது? மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்து நுவாராவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கல்வித்துறை ஆய்வாளர் ஹம்லாவி. ஒரு பக்கம் தலைமையாசிரியர் லக்தர். இன்னொரு பக்கம் வேறு பள்ளியிலிருந்து வரவழைக்கப்பட்ட மூத்த ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. இனி அவள் நிரந்தர ஆசிரியையா, இன்னொரு வருடம் தொங்கலா, இல்லை வீட்டுக்கே போக வேண்டியதுதானா என்பதை இந்த மூன்று பேரும் இருபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு இன்றைக்கே முடிவு செய்வார்கள். அவளுடைய அம்மா விடியுமுன் எழுந்து செய்தனுப்பிய பேரீச்சம்பழ மக்ரூத் பலகாரத்தில் பாதியை அவர்கள் தின்று முடித்திருந்தார்கள். அதை நல்ல சகுனமென்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

பாடமும் நன்றாகத்தான் போயிருந்தது. பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் கை தூக்கினார்கள். நேற்று இரண்டு தடவை அதே பாடத்தை நடத்தியிருந்தால் ஏன் தூக்க மாட்டார்கள்? படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி, பெற்றோருடன் தொடர்பு. அந்த நேரம் பார்த்து ஹம்லாவி வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். முப்பத்து நான்கு பேரில் ஒரு பிள்ளை குறைந்தது. காய்ச்சல் ஐயா என்றாள் நுவாரா. மனிதர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், அப்படியென்றால் அந்தத் தாயைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரியுங்களேன், இந்தக் கட்டத்தையும் நிரப்பிவிடலாம் என்று.

காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஐந்தாம் வகுப்பு வந்தும் வஸீலா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒரு வரியைத் தாண்டுவதற்குள் கேட்பவருக்கு மூச்சு முட்டிவிடும். ஆய்வு நாளில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வரவிடாமல் செய்வது அந்த மலைப்பக்கப் பள்ளிகளில் வழக்கம். வகுப்பைச் சீவுவது என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். நுவாராவும் நேற்று சாயங்காலம் அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு நாளைக்கு வராதே, ஆய்வுக்கு வருகிறவர்கள் போன பிறகு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். இதை யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள். தனக்கு மூளை நிறைய இருப்பதாக அப்போது அவளுக்கு எண்ணம்.

"அதான்க்கா, வஸீலாவுக்கு… உடம்பு எப்படி இருக்குன்னு… … ஆமா… ம்… … என்னது?"

நுவாரா முகத்தில் மட்டும் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டாள்.

"எப்போக்கா?… ஏழு மணிக்கு… ம்… பையோடயா?… … சரி. சரி… ஆமா, புரியுது… … சரிக்கா, கதகதப்பா போத்தி விடுங்க. சூடா ஏதாவது குடிக்கக் குடுங்க…"

மூத்த ஆசிரியை மெச்சிக்கொண்டு தலையாட்டினாள். ஹம்லாவி பேனாவைத் திறந்து கட்டத்தில் எழுதத் தொடங்கினார். அந்தப் பிள்ளை தாயிடம்கூடச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றால் யாரிடமும் சொல்லாத பிள்ளை அது. தினமும் போல ரொட்டியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கென்று கிளம்பியிருக்கிறது. பள்ளிக்கும் வரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. மூன்று கிலோமீட்டர் மலைப்பாதை, ஒரு பக்கம் பள்ளம். ஜன்னலுக்கு வெளியே காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றே கால்.

"இல்லக்கா… கேளுங்க… நீங்க பதறாதீங்க… … இல்லக்கா, கிண்டல் பண்ணுவேனா… … ஆமா, ஆமா, நான் ஸ்கூல்லதான் இருக்கேன்… அது… அவ… இங்க…"

ஹம்லாவி நிமிர்ந்து, தன்னுடைய சலாமையும் சொல்லச் சொல்லி ஜாடை காட்டினார்.

"ஆய்வாளர் ஐயா… உங்களுக்கு சலாம் சொல்லச் சொல்றார்க்கா…"

அந்தப் பக்கத்திலிருந்து கதவு அடித்துச் சாத்தும் சத்தமும், பெண்ணொருத்தி பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தமும்தான் வந்தன. இன்னும் ஒரு சரிக்கா, ஒரு இன்ஷா அல்லாஹ் சொல்லி வைத்துவிட்டால் போதும். கட்டம் நிரம்பிவிடும், வேலை நிரந்தரமாகிவிடும். குழு போன பிறகு ஓடிப்போய்த் தேடலாம். குழு எப்போது போகும்? சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சி வேறு சொல்லி வைத்திருந்தார் லக்தர். நுவாராவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. அருவருப்பைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அந்தப் பள்ளத்தில் பள்ளிக்கூட நீலச் சட்டை போட்ட பிள்ளையொன்று கிடப்பதாக அவள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

"அக்கா… மஸ்ஊதா அக்கா, வெச்சுடாதீங்க. நான் பொய் சொல்றேன்… காய்ச்சலெல்லாம் இல்ல. அவ ஸ்கூலுக்கு வரல. நான்தான் வராதேன்னு சொன்னேன்…"

பேனா நின்றது.

"ஆமா, நான்தான்… இன்னிக்கு இன்ஸ்பெக்ஷன்… அவ வாசிச்சா என் மார்க்கு கொறஞ்சிடும்னு… … ஆமா… ஆமாக்கா… திட்டுங்க, அப்புறம் எவ்வளவு வேணாலும் திட்டுங்க. இப்ப இத மட்டும் சொல்லுங்க, எந்த வழியா வருவா? ரோட்டு வழியா, பள்ளத்து வழியா?… … பனி பெஞ்சா?… … கூட யாரும் வரமாட்டாங்களா?…"

லக்தர் எழுந்த வேகத்தில் காப்பிக் கோப்பை கவிழ்ந்தது. படிவத்தின்மேல் ஓடிய காப்பியைத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் தாழ்வாரத்தில் காவலாளியைப் பேர் சொல்லி அழைத்துக்கொண்டே ஓடினார். மூத்த ஆசிரியை கையிலிருந்த மக்ரூத்தைத் தட்டில் வைத்துவிட்டு வாய்க்குள் ஏதோ ஓதினாள். வகுப்பைச் சீவுவது அவளுக்கும் தெரியாத வித்தை அல்ல. அவள் ஹம்லாவியின் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ன போட்டிருக்கா?… நீலச் சட்டைக்கு மேல?… … அவ அண்ணனோட கோட்டு… சரி… பூட்ஸ் இருக்கா? … இல்லையா… … அழாதீங்கக்கா, நீங்க பள்ளத்துப் பக்கம் தனியாப் போகாதீங்க, வழுக்கும். யாரையாவது கூட்டிக்கிட்டு… … தெரியும்க்கா, எனக்குச் சொல்ல யோக்கியதை இல்லதான்…"

காவலாளி வாசலில் வந்து நின்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது. இப்படி ஒரு பிள்ளையைத் தேடுகிறீர்களா என்று அவன் சொன்ன அடையாளம் சரியாக இருந்தது. காலை எட்டு மணியிலிருந்தே கேட்டுக்கு எதிரே பஸ் நிழற்குடையில் நிற்கிறதாம். பஸ்ஸுக்குத்தான் நிற்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டானாம். மூன்று பஸ் போன பிறகுமா அப்படி நினைத்தாய் என்று அவனை யாரும் கேட்கவில்லை. நுவாரா போனோடு ஜன்னலுக்கு ஓடி அதைத் திறந்தாள்.

"இருக்காக்கா… இருக்கா… அல்ஹம்துலில்லாஹ், இருக்கா… … கேட்டுக்கு எதிர்ல… ஆமா, கண்ணால பாக்கறேன்… ஆமா, நின்னுக்கிட்டுதான் இருக்கா… … பேச்சு குடுக்கறார் எங்க ஹெட்மாஸ்டர்… … தெரியலக்கா, கைய ரெண்டு கக்கத்துலயும் வெச்சுக்கிட்டிருக்கா…"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. லக்தர் தன் கழுத்துச் சால்வையைக் கழற்றிப் பிள்ளையின் தலையில் சுற்றிவிட்டு, கையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. பிள்ளை நிழற்குடைக் கம்பியைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டியது. அவர் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு நிமிர்ந்து, ஜன்னலுக்குக் கேட்கும்படி பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொன்னார். அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது.

"இல்லக்கா, இன்னும் உள்ள வரல… … வரமாட்டேங்கறா… … அடிக்கலக்கா, யாரும் அடிக்கல… அது… இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவங்க போனப்புறம்தான் வரணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்களாம்… அவங்க கார் இன்னும் நிக்குதாம்… … ஆமா, நான்தான் அப்படிச் சொன்னேன்… மறுநாள் வந்தாப் போதும்ங்கற அர்த்தத்துலதான் சொன்னேன்… … அக்கா… … மஸ்ஊதா அக்கா?…"

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். நுவாரா போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். திரும்பி ஹம்லாவியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, மேலங்கியைக்கூட எடுக்காமல், காரை அங்கிருந்து எடுக்கப் போனார்.